பனிக்கட்டி மேல் விழுந்த பெண்

தொண்டாமுத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவர் சொன்னார்:

"டிவில பனிக்கட்டி மேல சறுக்கி ஆடற போட்டியப் பாத்துட்டு எங்க ஊட்டுக்காரரு அழுதுபோட்டாருங்க்கா."

"அதுல அழுவறதுக்கு என்ன அம்மணி இருக்குது?"

"தென்னமரத்துல இருந்து உழுந்தப்பறம் அவருக்கு இடுப்புக்குக் கீழ அசைவே இல்லீங்களே. அந்தப் போட்டி வந்தா மட்டும் கண்ணெடுக்காமப் பாப்பாரு. நேத்து ஒரு புள்ள சுத்திக் குதிக்கறப்பப் பொத்துனு உழுந்துருச்சு. 'எந்திரி கண்ணு, எந்திரி'ன்னு கத்தறாரு. அதும் எந்திரிச்சு, சிரிச்சுட்டே மிச்சத்தையும் ஆடி முடிச்சுதுங்க."

"நல்லதுதான?"

"அப்பறந்தானுங்க்கா அழுதாரு. டிவியவே எடுத்துரச் சொல்லிட்டாரு."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்க. இப்பச் செவுத்தையே பாத்துட்டுக் கெடக்கறாரு."