பிரேமுக்குள் அழுத தாய்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், லண்டனில் அப்டன் பார்க்கில் படங்களுக்கு பிரேம் போடும் கடை திறந்தேன், இரண்டு வீடு வாங்கினேன், மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தேன். கை கொடுத்தவர் ஒருவருமில்லை.

அன்று விம்பிள்டன் போகும் ரயிலில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்காவின் மடியில் என் கடையின் தங்கநிற பிரேம். உள்ளே, இருநூறு வருடத்துக்கு முந்திய ஓவியம் ஒன்றின் பிரதி: வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு தாய் தொட்டிலின்மேல் சாய்ந்திருக்கிறாள்.

“மச்சாள் புதுவீட்டுக்குக் குடிபோறா, அந்தக் குடிபூரலுக்கு அழுற பொம்பிளையைக் கொண்டுபோறியளே, அக்கா?”

“அழேல்லையடி. பிள்ளையை நித்திரையாக்கிறா.”

“தொட்டிலுக்குள்ள பிள்ளை இல்லை. வடிவாப் பாருங்கோ.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“நான் பிரேமைத்தான் பாத்து வாங்கினனான்.”

“மச்சாளின்ர பெடியன் விசா கிடைக்காமல் கொழும்பில நிக்கிறான். இதைக் கண்டால் அவ என்ன நினைப்பா?”

“கோயிலடியில ஒரு பிள்ளையார் படம் வாங்குவம். இவவைக் கழட்டிப்போட்டு அவரை வைப்பம்.”

“இவவை என்ன செய்யிறது?”

“எனக்கு வேணும். என்ர மூத்தவன் செத்த கிழமையும் நான் ஷிப்டுக்குப் போனனான். தலைமயிர் கலையாமல் இருந்து அழ இவவுக்கு நேரமிருக்கு. எனக்கும் சேர்த்து அழட்டும்.”

விம்பிள்டனில் இறங்கிப் போனார்கள். தாய் போய்ப் பிள்ளையார் வந்தாலும் பிரேம் என்னுடையதுதான். பின்பக்கத்தில் என் கடைப் பெயர் ஒட்டியிருக்கிறது. குடிபூரல் வீட்டில் யாராவது அதைத் திருப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.