லோகேஸ்வரி பொருத்திய மூன்றாவது பெடல்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் அண்ணன் மணியம் அவர்களே, கெடா மாநிலத்தின் பழைய கார்களைக் கண்ணாகக் காக்கும் பெரியோர்களே, அந்தப் பெரியோர்களையும் சேர்த்துக் காக்கும் தாய்மார்களே, செமிலிங் யோகேந்திரனின் பணிவான வணக்கம்.

இன்று விருது வென்றது என் கார். வெல்ல வைத்தவர் என் மனைவி லோகேஸ்வரி. பேச மட்டும் என்னை அனுப்பியிருக்கிறார்.

எழுபத்திரண்டில் பிறந்த கார் அது, கியர் தானே மாறும் ஆட்டோ கியர். ஏன் ஆட்டோ வாங்கினேன்? மேனுவல் லைசென்ஸ் தேர்வில் மூன்று முறை முயன்று, மூன்று முறையும் முறையாகத் தோற்றவன் நான். என் மனைவியோ இருபது ஆண்டுகள் தொழிற்சாலை பஸ் ஓட்டி, அதன் பழுதையும் தானே பார்த்தவர். சிரியுங்கள் ஐயா, தாராளமாகச் சிரியுங்கள்.

சென்ற ஆண்டு, பாலிங் போகும் மேட்டில் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஓரமாக நிறுத்தினேன். லோகேஸ்வரி ஸ்டியரிங்குக்கு மாறினார். எஞ்சின் உறுமியது, வண்டி உருண்டதா? மீண்டும் உறுமியது, ஓரங்குலம் உயர்ந்ததா? இல்லை. கியர்பெட்டி உயிரை விட்டிருந்தது. எனக்கும் அதே எண்ணம்தான்.

அவர் நடுச்சாலையில் நின்று ஒரு லாரியை மறித்தார். "அண்ணே, வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில சேர்த்துடுங்க." நாறும் ரப்பர் ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு நடுவே படுத்துப் போனேன். மருத்துவர்கள் பிழைக்க வைத்தார்கள். வாடை போக நான்கு நாளாயிற்று.

வீடு திரும்பியதும், "காரை வித்துடலாம்" என்றேன்.

"வேணாம். மேனுவலா மாத்தப் போறேன்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே?"

"எனக்குத் தெரியும்லா."

ஜித்ராவில் நொறுங்கிக் கிடந்த அதே ரகக் காரிலிருந்து மேனுவல் கியர்பெட்டி வந்தது. கிளட்ச் பொருத்தினார். அதை மிதிக்க மூன்றாவது பெடல் பொருத்தினார். பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டின் நீளம் ஒத்துவரவில்லை. அளந்து, வெட்டி, பற்றவைத்தார். ஏழு மாதம் காரின் வயிற்றுக்கடியில் கிடந்தார். நான் விளக்குப் பிடித்தேன். தவறான இடத்தில் பிடித்தேன் என்று சொல்லப்படுகிறது.

ஒருநாள் கேட்டேன்: "ஏன் இவ்வளவு பாடு?"

ஸ்பேனரை நிறுத்தாமல் சொன்னார்: "அந்த மேட்டுல நீங்க மூச்சுக்குத் தவிச்சீங்க. நான் அமுக்குறேன், வண்டி நகரல. இருபது வருஷம் யார் யாரையோ கொண்டுபோய்ச் சேர்த்தேன். உங்கள சேர்க்க முடியல."

விளக்கு ஆடியது. அன்று அவர் திட்டவில்லை.

போன மாதம், மாற்றிய காரைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைத்தது. அதே மேட்டில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாம் கியர், திணறியது. ஒன்றாம் கியர், ஏறியது, ஏறியது, உச்சிவரை ஏறியது. அங்கே நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதார். நான் என்ன செய்தேன்? கைப்பிரேக்கை இழுத்தேன். அந்தக் காரில் எனக்குத் தெரிந்த மேனுவல் வேலை அது ஒன்றுதான்.

தலைவர் அவர்களே, பழுதான காரையும் பழுதான கணவனையும் தள்ளிவிடாத கைகள் அவை. ஆனால் நம் சங்கப் பதிவேட்டில் உரிமையாளர் யார்? யோகேந்திரன். ஓட்டியவர் யார்? உழைத்தவர் யார்? உயிர் கொடுத்தவர் யார்? என் பெயரை அடியுங்கள் ஐயா. லோகேஸ்வரி என்று எழுதுங்கள். இப்போதே எழுதுங்கள்; நான் காத்திருக்கிறேன்.

நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. உரிமையாளர் வெளியே எஞ்சினைக் கிளப்பிவிட்டார். நான் புறப்பட வேண்டும். வணக்கம்.