ஒரு கைப்பிடி, ஒரே விலை

...பொட்டிய வெச்சுட்டு கீழ டீ குடிக்கத்தான் சார் போனேன். வந்து தொறந்தா வெல்வெட்டுல பள்ளம் இருக்கு, காசு இல்ல. எவனோ அடிச்சுட்டான். எவனோ என்ன எவனோ, பக்கத்து டேபிள் லென்ஸுதான். அந்தா, பூதக்கண்ணாடிய கண்ணுல சொருகிக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க... நீங்க திரும்பாதீங்க. திரும்பினா அவனப் பத்திதான் பேசறோம்னு தெரிஞ்சுரும். தெரியட்டுமே, எனக்கென்ன.

நீங்க பாட்டுக்கு டப்பாவத் துழாவுங்க. கலவை டப்பா, ஒரு கைப்பிடி ஒரே விலை. போர்டு இருக்கில்ல, நானே எழுதினது. 'பொத்திய கையைத் திறக்கச் சொல்ல மாட்டோம்.' எடுத்தது எதுவானாலும் எடுத்தவனுக்கு. பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொன்ன சொல்லு மாறினதில்ல நான்.

நீங்க பழங்காசு சேக்கறவர் இல்லதானே? மழைக்கு இந்தக் காசுக் கண்காட்சிக்குள்ள ஒதுங்கினவர். பாத்தாலே தெரியுது, தல காஞ்சிருக்கு, பை நனைஞ்சிருக்கு. சேக்கறவனா இருந்தா தலதான் நனைஞ்சிருக்கும், பைய சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாந்திருப்பான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், காணாமப் போனது. அது லேசுப்பட்ட காசில்ல சார். வெள்ளி. அச்சடிக்கும்போது தகடு நகந்துருச்சு. ராஜா மொகம் மொத்தமும் வெளிய போயி, ஓரத்துல மூக்கு மட்டும் விழுந்திருக்கு. மத்ததெல்லாம் மொழுமொழுன்னு வெறும் வெள்ளி. ஊரையே ஆண்ட மனுசனுக்கு மிஞ்சினது மூக்கு. நாங்க மூக்கன்னுதான் சொல்லுவோம். உள்ள வர்றவன் எனக்கு வணக்கம் சொல்லமாட்டான், 'மூக்கன் வந்திருக்கானா?'ம்பான். விக்கமாட்டேன். தலகீழா நின்னு கேட்டவங்களுக்கும் குடுக்கல. சங்கத்துச் செயலாளர் எனக்கு வாசலுக்கு நேரா டேபிள் போடறாருன்னா என் அழகப் பாத்தா போடறாரு? மூக்கனுக்காக. அவன் இல்லேன்னா அடுத்த தடவ நான் கக்கூஸ் பக்கம்தான், டோக்கன் விக்கறவன் கூட.

டோக்கன் தெரியாதா? அட, இங்க விக்காதது எது? துணி தொவைக்கிற மெஷின்ல போடற டோக்கன். மூடிப்போன கேண்டீன் டோக்கன், 'அரை சாப்பாடு'ன்னு போட்டிருக்கும். அத சட்டம் போட்டு மாட்டறதுக்கு ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பஸ் புடிச்சு வர்றாரு. அந்த மூலையில பொறந்தநாள் நோட்டு. உங்க பொறந்த தேதியே நம்பரா வர்ற நோட்டு எடுத்துத் தருவாரு, மதிப்புக்கு மேல மூணு மடங்கு விலை. அதையே குடுத்து கடையில சோப்பு வாங்கினா கடைக்காரன் உங்களுக்கு பொறந்தநாளுன்னு ரெண்டு சோப்பா தரப்போறான்?

எதுத்தாப்ல மாமனாரும் மருமகனும். ஆயிரம் வருஷத்துக் காசு. ஆயிரம் வருஷம்னா போன மாசம். உரத்துல பொதச்சு வெச்சா பச்சை புடிச்சுரும் சார். ஒரு தடவ பச்சை உதுந்து உள்ள கம்பெனி முத்திரை தெரிஞ்சுபோச்சு. 'அந்தக் காலத்துலயே கம்பெனி இருந்திருக்கு, என்ன ஆச்சரியம் பாருங்க'ன்னான் மருமகன். அவனுக்குத்தான் பொண்ணு குடுத்திருக்காரு.

சரி, நீங்க வெளியாளு, உங்ககிட்ட சொன்னா என்ன. 'இந்த டப்பாவுல ஒரு வெள்ளிக்காசு இருக்கு, கைராசிக்காரனுக்கு மாட்டும்'னு காலையிலேர்ந்து கூவறேனே, வெள்ளியாவது வெங்காயமாவது. அத்தனையும் பித்தளை. ஆனா அந்தக் கூவல்லதான் டப்பா ஓடுது. குளிக்கும்போதுகூட அதச் சொல்லித்தான் தொண்டைய பழக்கறது. வீட்டுக்காரி கதவத் தட்டுவா, 'தெரியும், ஒரு வெள்ளிக்காசு இருக்கு, வெளிய வாங்க'ன்னு. அவளுக்கு இதுல ஒண்ணும் புரியாது சார். பாவம், டப்பாவ எல்லாம் கட்டித் தர்றது அவதான்.

எடுத்தாச்சா? காட்டாதீங்க, காட்டாதீங்க. பணம் வந்துருச்சு, போதும். இருங்க, போன் வருது... வீட்டுலதான்.

சொல்லும்மா. சாப்பாட்டு டப்பாவா, எடுத்துட்டேன். எங்கம்மா சாப்பிடறது, மூக்கனக் காணோம். மூக்கன்... அதாம்மா, ஓரத்துல மூக்கு போட்ட வெள்ளிக்காசு. ...மேஜை மேலயா? ஆமா, காலையில மீட்டர் பாக்க வந்தவருக்குக் காட்டினேன். அப்பறம் குளிக்கப் போனேன். பொட்டியில வெச்சேன்னுதான்... நீ பாத்தியா? அப்பாடா. எங்க வெச்ச?

...எந்த டப்பா?

இல்லம்மா, நான் அப்பிடிச் சொல்றது... சொல்றேன்தான். தெனம் சொல்றேன்தான். ஒரு வெள்ளிக்காசு இருக்குன்னு... அதுதான் வெளிய விழுந்துருச்சுன்னு நெனச்சு கலவை டப்பாவுக்குள்ள போட்டியா. ம். அதுக்காக, மூக்கனயே தெரியாதா உனக்கு? ...ஆமா. காட்டினதில்ல. ...ஆமா, மீட்டர்காரருக்குக் காட்டினேன். லைன்லயே இரு.

சார். ஒரு நிமிஷம் சார். அந்தக் கைய... சேச்சே, தொறக்கச் சொல்லல. போர்டப் படிக்க வேண்டாம் சார், எனக்கே தெரியும், நான்தான் எழுதினேன். சுண்டுவிரல மட்டும் கொஞ்சம் தூக்குங்களேன். பணத்தத் திருப்பித் தர்றேன், ரெண்டு கைப்பிடியா அள்ளிக்கங்க, டப்பாவையே எடுத்துக்கங்க... ஏன் சார் சிரிக்கறீங்க? மழ விடல சார், இன்னும் தூறுது. சார்... வயசானவன் ஓடமுடியாது சார்...

யோவ் லென்ஸு, நீ எதுக்கு எந்திரிக்கற. நானே கொட்டிப் பாக்கறேன். பித்தளை... பித்தளை... இது பட்டன். இதுவும் பித்தளை. இல்லய்யா. என்னது, நீ பாத்தியா? அவரு அள்ளும்போதே பாத்தியா? மூக்கு தெரிஞ்சுதா? அடப்பாவி, ஒரு வார்த்த சொல்லக்கூடாது? ...ம். காதுல விழுந்துச்சா. 'அடிச்சுட்டான்'னு சொன்னதும் விழுந்துச்சா. சரிய்யா. உக்காரு. தப்புதான்யா, உக்காரு.

ஹலோ... இருக்கேம்மா. ம், கெடச்சுருச்சு. எனக்கில்ல.