குழாய் வாயில் நாற்பது மூட்டை

கழிவறைக் குழியில் ஒரு மணல் மூட்டையைத் திணித்து வைக்க வேண்டும் என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை, மேடம். மழைக்கு முன்னால் மொட்டை மாடியைக் கூட்டுவார்கள், இன்வெர்ட்டரைத் தூக்கி மேலே வைப்பார்கள். ஆனால் வெள்ளம் முதலில் பொங்குவது அந்தக் குழி வழியாகத்தான்.

நான் பாலசுப்ரமணியன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நெம்மேலியில் கால்வாயை ஒட்டிச் சொந்த வீடு. மூன்று வருஷத்துக்கு முன்பு பூஜை அறை வரை தண்ணீர் ஏறியது. குத்துவிளக்கைச் சுற்றி மலம் மிதந்தது. சுவரில் படிந்ததை நானே கத்தியால் சுரண்டினேன். ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. பருக்கைகள் நெளிவதுபோல இருக்கும்.

அது எங்கள் வீட்டுத் தண்ணீர் இல்லை. பின்னாலுள்ள காலனியிலிருந்து, எங்கள் தெருவுக்கு அடியில் ஒரு குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போவது. கால்வாய் நிரம்பினால் என் வாசலில் கொப்பளிக்கும். அதனால் இந்த முறை புயல் அறிவிப்பு வந்த அன்றே, காலனிப் பக்கம் குழாயின் வாயை நாற்பது மணல் மூட்டைகளால் அடைத்தேன். மேல் வரிசையில் நான்கை இழுத்தால் மீதியைத் தண்ணீரே தள்ளிவிடும். அப்படி யோசித்துத்தான் அடுக்கினேன்.

காலனியிலிருந்து ஞானதாஸ் வந்தான். "இன்னா சார் இப்டி அடச்சிட்டீங்க? எங்க வூட்டாண்டதான் தண்ணி நிக்கும். அம்மா படுத்த படுக்கையா கீது சார்."

"மழை வலுத்தா நானே எடுத்துடறேம்பா" என்றேன். அவன் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். நம்பிப் போனான்.

செவ்வாய்க்கிழமை மதியம் போன் செய்தான். "சார், வேலைக்கு வந்து அச்சரப்பாக்கத்துல மாட்டிக்கினேன். பஸ் ஓடல. ஜனமெல்லாம் முகாமுக்குப் போயிட்ச்சு, அம்மாவத் தூக்க ஆளில்ல. ரெஸ்க்யூ போட்டுக்காரங்களக் கூப்புடட்டுமா, நீங்க தொறந்துடறீங்களா?"

"தொறந்தாச்சு ஞானதாஸ். வடியுது."

"அப்ப போட்டு வேணாம் சார். மத்தவங்களுக்குப் போவட்டும்."

பொய் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. உடனே போய்த் திறந்துவிடலாம் என்றுதான் சொன்னேன். போகவும் செய்தேன். முழங்கால் வரை இறங்கினேன். ஊதிப்போன பன்றி ஒன்று மூட்டைகளில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. அதன் வயிறு என் தொடையில் உரசியது. வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டது. அங்கேயே வாந்தி எடுத்தேன். நான்கு மூட்டை, பத்து நிமிஷ வேலை. ஒன்றையும் இழுக்காமலே திரும்பி வந்து வெந்நீரில் இரண்டு முறை குளித்தேன்.

ஞானதாஸின் அம்மா காசியம்மாள் கூப்பிட்டது கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. நாலு மணி வரை கேட்டது. ஆனால் அந்தம்மா மகனைத்தான் கூப்பிட்டாள். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மறுநாள் ஆள் வைத்து மூட்டைகளை எடுத்தேன். அதுவரை அடைத்தே இருந்ததை அந்த ஆள்தான் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் அடக்கம் முடிந்து ஞானதாஸ் வந்து என் வாசலில் நின்றான். "நீங்க தொறந்தும் வடியல சார், இன்னா பண்றது. அந்தத் தண்ணில எறங்கினீங்களே, எவன் எறங்குவான்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

நன்றி சொல்ல வந்தவனை இடைமறித்துத் திருத்துவது நாகரிகமாகப் படவில்லை.