சுண்ணாம்பு போட்ட குப்பி

இந்த ஐம்பத்தெட்டு வயதிலும் எனக்கு நீர் தாராளமாகப் பிரிகிறது, ஐயா. ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து உங்கள் காவலர் நாலு தடவை என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். பாவம், அவர் முகம் சுளிக்கவில்லை.

என் பெயர் நாராயணப்பன். பேரிகைச் சந்தையில் பண்டிதர் என்பார்கள். என் பண்டிதமெல்லாம் பெங்களூர் மருந்துச் சரக்குக் கடை ஒன்றில் எட்டு வருஷம் மூட்டை பிரித்ததுதான். அங்கே ரேவல்சின்னி என்று சீன தேசத்துக் கிழங்கு ஒன்று வரும். பேதிக்குக் கொடுப்பது. அதைத் தின்றால் மறுநாள் நீர் மஞ்சளாகப் போகும். அந்த நீரில் துளி சுண்ணாம்பைப் போட்டால் குங்குமம் கரைத்ததுபோல் சிவக்கும். கிழங்கின் சாயம் உடம்பைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன்? "வெசம் எறங்குது பாரு" என்றேன்.

மைசூர் பக்கமிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை நகத்தில் கிள்ளி, நோயாளியின் நீர் இருக்கும் குப்பியில் போட்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். கூட்டம் வாயைப் பிளக்கும். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் பழகிப் பார்த்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட மேதை நான்.

கெம்பம்மா கால் வீக்கத்துக்கு வந்தாள். அவளுக்கும் கிழங்கை உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அவள் புருஷன் கிருஷ்ணப்பன் தினமும் காலையில் குப்பியைக் கொண்டுவருவான். பத்து நாள் நன்றாகச் சிவந்தது. பிறகு வெளுத்துக்கொண்டே வந்தது. பதினாலாம் நாள் குப்பியில் ஒரு விரற்கடை நீர்தான் இருந்தது. சுண்ணாம்பு போட்டும் நிறம் மாறவில்லை. கிழங்கு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"மொகமெல்லாம் ஊதிக்கிச்சி பண்டிதரே. பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டுமா? வண்டி நிக்கிது," என்றான்.

அன்று சந்தை நாள். அவனுக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். வண்டி பெங்களூர் போய்விட்டால் என் குப்பியின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. அவளுக்காக இல்லை.

"புது உருண்டை தரேன். நாளைக்கு ஒரு நா பாத்துட்டுப் போப்பா," என்றேன்.

புது உருண்டை அதே கிழங்குதான், இரட்டை அளவு. அவளுக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன், நான் ஒன்று விழுங்கினேன். மறுநாள் அவன் கொண்டுவந்த குப்பியை உள்ளே எடுத்துப்போய்க் கவிழ்த்துவிட்டு, அதே ஒரு விரற்கடைக்கு என்னுடையதை நிரப்பினேன். என் வயதில் அளவாக நிறுத்துவது லேசான வேலை இல்லை. ஆனால் அன்றைக்குப்போல் ஒருநாளும் சிவந்ததில்லை. கிருஷ்ணப்பன் அழுதே விட்டான். மாடுகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டு என் காலில் விழுந்தான்.

மூன்று நாள் இப்படியே உருண்டை கொடுத்தேன், குப்பியை நிரப்பினேன். நாலாம் நாள் வெறும் குப்பியோடு வந்தான்.

"நேத்துலருந்து ஒரு சொட்டும் எறங்கல பண்டிதரே. பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்கா."

காலிக் குப்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? பெங்களூருக்கே போகச் சொன்னேன். வண்டி மாலூர் தாண்டுவதற்குள் கெம்பம்மா போய்விட்டாள்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மருந்தில் குறை இல்லை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அதே உருண்டையை அதே மூன்று நாள் நானும்தான் தின்றேன். எனக்கு எல்லாம் சுத்தமாக வெளியே போய்விட்டது, ஐயா.