பாதியில் நிற்கும் தொண்டைமான் வழக்கு

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மன்றத் தலைவர் மீராசா அவர்களே, எங்கள் பஹ்ரைன் பள்ளியின் துணை முதல்வர் தேவசுந்தரம் அவர்களே, ஈசா டவுனிலிருந்து வந்திருக்கும் சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, மாணவர்களே, வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு சல்மாபாத் தொழிலாளர் கேம்பிலிருந்து பிக்கப் வண்டியில் நெருக்கியடித்து வந்திருக்கும் சகோதரர்களே! உங்கள் எல்லோருக்கும், இங்கே இல்லாமல் தன் கணவர் மெய்யநாதன் சாரின் உடலோடு ஆலங்குடிக்குப் போயிருக்கும் வடிவு அக்காவுக்கும் என் வணக்கம்.

வரலாற்று ஆசிரியர், நல்லாசான் மெய்யநாதன் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் உயிரியல் ஆசிரியை. ஆசிரியர் அறையில் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அவர் நல்லவர், வல்லவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மனிதர் இங்கே உட்கார்ந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இருக்கலாம். வேற?" என்றுதான் சொல்லியிருப்பார்!

எந்தப் பதிலுக்கும் அவர் சொன்னது அந்த இரண்டு சொற்கள்தான். "இருக்கலாம். வேற?"

மெய்யநாதன் சார் புதுக்கோட்டைக்காரர். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். "சமஸ்தானத்துக்காரன் டீச்சர்" என்பார். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டின் நடுவே தனி அரசர், தனித் திவான், தனிக் காசு என்று இருந்த சமஸ்தானம் அது. 1948இல் இந்தியாவோடு இணைந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு பத்தியும் கிடையாது. பத்தாம் வகுப்பில் ஒரு நாள் அதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்க, ஒரு மாணவி எழுந்து, "சார், வில் திஸ் கம் ஃபார் தி எக்ஸாம்?" என்று கேட்டாளாம். "வராதும்மா. அதனாலதான் நிம்மதியாச் சொல்லிட்டிருக்கேன்" என்றாராம். அந்த மாணவி இப்போது மூன்றாம் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

தேர்வுக்கு வராத அந்த வரலாற்றைத்தான் அவர் வெள்ளிக்கிழமைகளில் சல்மாபாத் கேம்பின் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டு போனார். ஜும்மா தொழுகை முடிந்து, சமையல் முடிந்து, ஆட்கள் தட்டைக் கழுவி வைத்த பிறகு அவருடைய வகுப்பு. முதலில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தூங்கத்தான் வந்தார். கடைசியில் வாசலில் நின்று கேட்கும் அளவுக்கு ஆனது. எதற்காக வந்தார்கள்? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆறு நாள் வெயிலில் நின்று வேலை பார்த்தவர், ஏழாம் நாள் இறந்துபோன ராஜாக்களைப் பற்றி எதற்காகக் கேட்க வேண்டும்?

ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். அன்று சார் கையில் ஒரு செப்புக் காசு. அம்மன் காசு. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு அது. ஒரு பக்கம் அம்மன். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று ஒரு சொல். "தமிழ்ச் சனம் நெறஞ்ச ஊரு. காசுல எதுக்கு தெலுங்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்.

"காசு அடிச்ச மேஸ்திரி ஆந்திராக்காரனா இருப்பான் சார்!"

"இருக்கலாம். வேற?"

"படிக்கத் தெரிஞ்சா சனம் கேள்வி கேக்கும்னு வேணும்னே போட்டிருப்பாங்க."

"இருக்கலாம். வேற?"

ஒரு மணி நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் பதில் சொல்லவே இல்லை. எனக்கோ ஆத்திரம். வண்டியில் திரும்பும்போது, "பதில் என்ன சார்?" என்றேன். "ஆராய்ச்சிக்காரங்க நாலு விதமாச் சொல்றாங்க டீச்சர். எனக்கு நாலுமே முழுசா ஒப்பலை" என்றார். பதில் தெரியாத கேள்வியை வகுப்புக்குக் கொண்டு போகிற ஓர் ஆசிரியரை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்!

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெளிநாட்டில் திருமணம் செய்துகொண்ட மகாராஜாவின் கதை. ஆஸ்திரேலியாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். ஆங்கிலேய அரசாங்கம் அவளை ராணியாக ஏற்கவில்லை. பிறந்த மகனுக்குப் பட்டம் இல்லை என்றது. அரசர் ஊரை விட்டுப் போய் கடைசியில் பாரிஸில் இறந்தார். இதைச் சொல்லி, சமஸ்தானத்தைக் கண்காணிக்க ஒரு பொலிட்டிகல் ஏஜென்ட் இருந்தார், முக்கியமான எதற்கும் அவர் வழியாக மேலே கேட்க வேண்டும் என்று சார் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ப ராசாவுக்கும் கஃபீல் உண்டா சார்?"

விசா கொடுத்துக் கூட்டிவந்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிதானே இங்கே கஃபீல்! கூடமே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்றார்.

"இல்ல சார், கல்யாணத்துக்குக் கேக்கணும், வெளிநாடு போகக் கேக்கணும்ங்கிறீங்க. நமக்கு கஃபீல் மாதிரித்தான அது? பாஸ்போர்ட் மட்டும் ராசாகிட்டயே இருந்துச்சா?"

அன்று இரவு சார் எனக்குப் போன் செய்தார். முப்பது வருஷமாப் படிக்கிறேன், எனக்கு இது தோணலையே டீச்சர் என்று குழந்தை மாதிரிச் சொன்னார். அவருடைய ஆர்வம் அதிலிருந்து எங்கெங்கோ போனது. இந்த பஹ்ரைனிலும் ஒரு பொலிட்டிகல் ஏஜென்ட் இருந்தார் அல்லவா? அவரும் அன்றைய ஆங்கிலேய இந்திய அரசாங்கத்துக்குத்தானே பதில் சொன்னார்? இங்கே இந்திய ரூபாய்தானே அறுபதுகள் வரை ஓடியது? புதுக்கோட்டையையும் மனாமாவையும் ஒரே மேலிடம்தான் பார்த்துக்கொண்டதா? ஆலங்குடியிலிருந்து புறப்பட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக நினைத்தவர், பழைய அலுவலகத்தின் அடுத்த அறைக்குத்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி வியந்தார். அந்த வியப்பு வாழ்க! அது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனால் இதைச் சொல்லாமல் மெய்யநாதன் சாருக்கு அஞ்சலி செலுத்தியதாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

சென்ற மாதம் கேம்பில் ஓர் அறையில் நெய்னா முகம்மது என்று ஒருவர் ஒளிந்திருந்தார். வேறொரு கம்பெனியில் அடி தாங்காமல் ஓடிவந்தவர். அடைக்கலம் கொடுத்த அறையில் எட்டுப் பேர். ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்து அவரைப் பிடித்து, ஊருக்கு அனுப்பிவிட்டது. யார் சொன்னது? தெரியாது. நெய்னாவுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். "எனக்கென்னண்ணே தெரியும்? நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்" என்றாராம்.

ஆனால் அறையில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. விளாத்திகுளம் கார்மேகம் அண்ணன் சொன்னாராம்: "வேற எவன்ல சொல்லியிருப்பான்? ரூம்ல புதுக்கோட்டக்காரன் இவன் ஒருத்தன்தான. கட்டபொம்மனையே காட்டிக் குடுத்த ஊருல்லா!"

அந்தப் புதுக்கோட்டைக்காரர் ஐயப்பன். "நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கலைங்க" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மெஸ்ஸில் அவருக்குச் சேர்க்கை இல்லை. ஏழு பேர் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்கிறார்கள். எட்டாமவர் குப்பூஸ் ரொட்டி வாங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்து தனியாகத் தின்கிறார்.

நினைத்துப் பாருங்கள். ஐயப்பனுக்கு எதிராக ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. 1799இல் நடந்த ஒரு சம்பவம்தான் அவர் மீதான ஒரே சாட்சி! 1948இலேயே இல்லாமல் போய்விட்ட ஒரு சமஸ்தானத்துக்காக, இந்த 2004இல், சல்மாபாத்தில் ஒருவர் தனித்தட்டு ஏந்துகிறார்!

நான் ஒட்டப்பிடாரத்துக்காரி. பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்த வசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதை ஒரு வசையாகக்கூட நான் நினைத்ததில்லை. ஊரின் பெயருக்கு முன்னால் வரும் ஒரு அடைமொழி, அவ்வளவுதான். அதனால், சார் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆவலாக இருந்தது. ஐயப்பனுக்காக வாதாடுவாரா? தன் அரசருக்காக வாதாடுவாரா?

இரண்டும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில், கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த புதுக்கோட்டை அரசர் தொண்டைமான் மீது வழக்குப் போட்டார்! விசாரணை இரண்டு வாரம். ஆனால் ஒரு நிபந்தனை: அவரவர் எதிர்த்தரப்புக்குத்தான் பேச வேண்டும். தொண்டைமானைக் குற்றம்சாட்டிப் பேச வேண்டியவர் ஐயப்பன். தொண்டைமானுக்காகப் பேச வேண்டியவர் கார்மேகம்.

"என்ன சார் வெளாடுதீயளா? நான் போய் தொண்டைமானுக்குப் பேசுனேன்னு ஊர்ல தெரிஞ்சா பஸ்ஸ விட்டு எறங்க விடமாட்டாவ!" என்றார் கார்மேகம் அண்ணன்.

"ஊருக்கு நான் சொல்ல மாட்டேன்யா. பேசு."

"பேசுததுக்கு என்ன சார் இருக்கு? அவன் பண்ணுனது தப்புதான?"

"தப்புன்னு தெரிஞ்சவனுக்கு மத்தவன் பக்கத்தைப் பேசுறதுல என்ன பயம்?"

நான் அவரைத் தனியாகக் கேட்டேன்: "உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே சொல்லிவிடலாமே சார்?" அதற்கு அவர் சொன்னார்: "நான் புதுக்கோட்டக்காரன் டீச்சர். நான் எதைச் சொன்னாலும் அது ஊர்ப்பாசம்னு போயிடும். கார்மேகம் வாயால ஒரு தடவை வந்துட்டா, அது கார்மேகத்துக்கே கேக்கும்."

முதல் வாரம் ஐயப்பன் பேசினார். என்றுமே நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். சார் நடந்ததை மட்டும் சொன்னார்: கட்டபொம்மன் தோற்றுத் தப்பி வந்தார், புதுக்கோட்டைச் சீமைக் காட்டில் இருந்தார், கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் பிடித்துத் தரச் சொன்னது, தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தார்கள், கயத்தாற்றில் தூக்கு. பிறகு ஐயப்பன் எழுந்தார்.

"எங்க ராசா கம்பெனிக்குக் கட்டுப்பட்டவருதான். கஃபீல் சொன்னா வேலை செய்யணும், சரி. மூட்டை தூக்குன்னா தூக்கணும். ஆனா நம்ம எடத்துக்கு வந்து ஒளிஞ்சவனைக் காட்டுன்னு சொன்னா அது வேலை இல்லைங்க. என் ரூமுக்கு வந்தவனை நான் காட்ட மாட்டேன். எங்க ராசா காட்டியிருக்கக் கூடாது."

அவ்வளவுதான் பேச்சு. உட்கார்ந்துவிட்டார். தன் அரசரைக் குற்றம்சாட்டுகிற வாக்கில் தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று அங்கே எத்தனை பேருக்குப் புரிந்தது? எனக்குப் புரிந்தது. கார்மேகம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல நான் யார்?

அடுத்த வெள்ளி கார்மேகம் அண்ணன் பேச வேண்டும். இடையில் புதன்கிழமை, ஏழாம் வகுப்புக்குப் போவதற்காக நாற்காலியிலிருந்து எழுந்த மெய்யநாதன் சார் மறுபடியும் உட்கார்ந்தார். எழவே இல்லை.

ஐயா! ஒரு தரப்பைக் கேட்டுவிட்டு இப்படிப் பாதியில் போய்விட்டீர்களே! ஆளுக்கு ஒரு நியாயம் உண்டு, அதைக் கடைசி வரை கேட்க வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்தானே!

இன்று இந்த அரங்கின் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சாரோட அந்த வழக்கும் போகட்டும். எதுக்குப் பழைய வம்பு?" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வழக்கு போய்விட்டால் ஐயப்பன் என்ன ஆவார்? தீர்ப்பு மட்டும் நின்றுவிடும். விசாரணை இல்லாத தீர்ப்பு! தொண்டைமானுக்காவது இருநூறு வருடமாக யாராவது ஒரு புத்தகத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஐயப்பனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே அன்பர்களே, மெய்யநாதன் சாருக்கு மாலை போட்டு, மௌனமாய் எழுந்து நின்றுவிட்டுக் கலைவது எனக்குப் போதாது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு சல்மாபாத் கூடத்தில் வழக்கு தொடரும். நடத்தப்போவது நான். எனக்கு வரலாறு தெரியாது. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்டால் சொல்வேன். அதிலும் நான் ஒட்டப்பிடாரத்துக்காரி, ஒரு பக்கத்து ஆள். அதனால் நான் பேச மாட்டேன், கேட்பேன். மன்றத் தலைவர் மீராசா அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்த வெள்ளியும் வகுப்பு உண்டு. யாராவது பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கொண்டு வந்தால் போதும்.

கார்மேகம் அண்ணே, தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், தெரிகிறது. சபையில் வைத்தே கேட்கிறேன். தொண்டைமானுக்காகப் பேச வருவீர்களா? அரை மனதோடு வேண்டாம். முழு மனதோடு, அவர் இடத்தில் நின்று.

தலையை ஆட்டுகிறீர்கள். நன்றி அண்ணே. சபை பார்த்துவிட்டது.

இன்னும் ஒன்றே ஒன்று. விசாரணை முடியும்வரை ஒருவர் குற்றவாளி இல்லை. இது எல்லா ஊரிலும் உள்ள நியாயம். அப்படியானால் விசாரணை நடக்கும் வாரத்தில் தனித்தட்டு எதற்கு? கூட்டம் முடிந்ததும் கீழ்த்தளத்தில் சாப்பாடு இருக்கிறது. நான் ஐயப்பனோடு உட்கார்ந்து சாப்பிடப்போகிறேன். அங்கே பாய் நீளமானது. கார்மேகம் அண்ணே, உங்கள் அறைக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் பரிமாறச் சொல்வேன்.