பழப்புளி போட்டு மினுக்கின கோது

...கோப்பி ஊத்துறதுக்கோ நான் வேட்டைச் சோதினை பாஸ் பண்ணினனான்? சொல்லும் மகேசன்! எல்லாம் அந்தக் கடைக்காரன் தந்த வெடிமருந்தாலை வந்த வினை.

இரும், இரும். உந்த வாளியிலை இல்லை, இதிலை. துவக்கு ரவை செய்யப் பழகத்தானே வந்தனீர்? அப்ப கேளும். மேசையிலை ஒரு மருந்துப் பேணிதான் நிக்கவேணும். ரண்டு நிண்டா மாறிப் போடுவீர், பிறகு துவக்கு முகத்திலை வெடிக்கும். புத்தகத்திலை போட்ட அளவுதான் அளவு. கறிக்கு உப்புப் போடுற கைக்கணக்கு இஞ்சை சரிவராது. மொபைலை நிப்பாட்டும். மருந்து போடேக்கை கதைக்கக் கூடாது... நான் கதைக்கிறதைப் பாக்காதையும், எனக்குப் பழக்கம்.

ஆ, வீட்டிலையும் சொல்லிவையும். என்ரை மனிசி சிறிதேவி, தாய்க்கு ரெலிபோன் எடுத்து, "இவர் கீழை இருந்து ரவை செய்யிறார்" எண்டு சொல்லிப்போட்டா. கொழும்பிலை மாமி பயத்திலை ரெலிபோனை வைச்சிட்டா. எல்க் மான் சுட எண்டு சொல்லுறதுக்குள்ளை!

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், போன வருசம். எல்க் எனக்கு முன்னாலை வந்து நிக்குது, மாடு மாதிரி. விசையை அமத்தினன். "புஸ்" எண்டுது. அவ்வளவுதான்! சன்னம், அந்த ஈயக்குண்டு, துவக்குக் குழலுக்குள்ளை இறுகிப்போச்சு. எல்க் என்னைத் திரும்பிப் பாத்துது. ஓடியிருந்தாலும் ஒரு மரியாதை. ஓடேல்லை... திரும்பவும் இலை தின்னத் தொடங்கிட்டுது.

எங்கடை வேட்டைக் குழுவுக்குத் தலைவர் ஊட்வார். குழலைப் பாத்தான், கோப்பிக் கேத்திலை என்ரை கையிலை தந்தான். மிச்ச நாள் முழுக்க நெருப்படியிலை கோப்பிதான். நாளைக்கு வேட்டை திரும்பத் தொடங்குது. இந்தமுறையும் புஸ் எண்டா எனக்குத் துவக்கு இல்லையாம். வெக்கமா இருக்கு, மகேசன். இந்த நாட்டிலை என்னை ஒரு இடத்துக்கு வாவெண்டு கூப்பிட்டது அவங்கள் மட்டும்தான்.

அதாலை இப்ப கடையை மாத்திட்டன். ஈரம் மருந்துக்கு ஆகாது பாரும், பேணியைத் துவாயாலை சுத்தி அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறன். சுட்ட ரவையின்ரை வெறுங் கோதை மினுக்க ஏதோ மிசின் வாங்கச் சொல்லுறாங்கள். எனக்கென்ன விசரே? பித்தளைதானே! குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் பழப்புளி போட்டுத் தேச்சு, தண்ணியிலை அலசி எடுத்தா... பாரும், முகம் தெரியும்! போன வருசமும் இப்பிடித்தான் மினுக்கினனான். ஊட்வாரே வாங்கிப் பாத்துச் சிரிச்சவன். இது காலமை கழுவினது. நீர் வரமுதலே பாதிக்கு மேலை கோதுகளுக்கு மருந்து போட்டு, சன்னமும் இறுக்கிட்டன்.

ஏன் அந்த வெறுங் கோதைக் கவுட்டுப் பாக்கிறீர்? மற்றதுகளோடை வையும்...

உம்மடை கையிலை என்ன... தண்ணியோ?

கோதுக்குள்ளை இருந்தோ?

...

உங்கை இருக்கிற குறட்டை எடும். செய்ததெல்லாத்தையும் கழட்டவேணும். போன வருசக் கடைக்காரனுக்கு நான் பேசின பேச்சு... சரி, அது பிறகு.

மகேசன், உமக்கு நொர்ஸ்க் பாஷை நல்லா வருமெல்லே? ஊட்வாருக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுமன்... கேத்திலை நானே கொண்டு வாறனாம்.